டெக்சாஸில் வரி இல்லை என்று யார் சொன்னது?

கைப்பேசி இரண்டாவது முறை அடித்தபோதுதான் காதில் விழுந்தது. கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பர், இரவு ஒன்பதரை மணி. ஈரக்கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். என் வாடிக்கையாளர் ஒருவர், பேஸ்பால் வீரர். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இறங்கி ஓர் இன்னிங்ஸ் மட்டும் பந்து வீசிவிட்டுப் போகிறவர். வயது 31. ஒப்பந்தம் முடிந்து, எந்த அணியோடும் பேரம் பேசக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகியிருந்தார்.

“இரண்டு அணிகள் கேட்கின்றன. இரண்டுமே இரண்டு ஆண்டு ஒப்பந்தம். கலிபோர்னியா அணி ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் தருகிறது. டெக்சாஸ் அணி 46 லட்சம். டெக்சாஸை எடுத்தால் ஆண்டுக்கு நான்கு லட்சம் லாபம் என்று என் ஏஜென்ட் சொல்கிறார். நாளை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வது சரியா?”

நான் வரிக்கணக்கு எழுதுகிறவள். 2013இல் சான் ஹோசேயில் ஒரு சிறிய கணக்காளர் அலுவலகத்தில் தொடங்கினேன். 2017 முதல் டாலஸ் அருகே இருக்கிறேன். என்னிடம் வரும் விளையாட்டு வீரர்கள் விளம்பரங்களில் சிரிப்பவர்கள் அல்லர். பெயரைச் சொன்னால் அந்தந்த ஊர் ரசிகர்களுக்கு மட்டும் தெரியும். அமெரிக்க பேஸ்பாலின் மேல்மட்ட லீகில் ஆறு ஆண்டுப் பணிக்காலம் முடித்த பிறகுதான் ஒரு வீரர் தனக்குப் பிடித்த அணியைத் தேடிக்கொள்ள முடியும். அதுவரை ஒப்பந்தம் வைத்திருக்கும் அணி சொன்ன ஊரில் ஆட வேண்டியதுதான். ஆகவே ஃப்ரீ ஏஜென்சி என்பது இவர்கள் வாழ்க்கையில் ஒரு முறையோ இரண்டு முறையோ திறக்கும் கதவு. அந்தக் கதவு திறக்கிற வாரத்தில் எல்லோரும் வரி நிபுணர்களாகிவிடுகிறார்கள்: ஏஜென்ட், மைத்துனர், முடி வெட்டுகிறவர் உள்பட.

ஏஜென்ட் போட்ட கணக்கு எப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கலிபோர்னியாவின் உச்ச வரி விகிதம் 13.3 சதவீதம். 50 லட்சத்துக்கு அது 6,65,000 டாலர். டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது, ஆகவே பூஜ்யம். சம்பளத்தில் குறைகிற நான்கு லட்சத்தில் மத்திய அரசின் ஃபெடரல் வரியும் மெடிகேர் என்னும் மருத்துவக் காப்பீட்டு வரியும் எப்படியும் போகும் என்பதால் கையில் உண்மையாகக் குறைவது 2,43,000 தான். கழித்துப் பார்த்தால் டெக்சாஸ் ஆண்டுக்கு 4,22,000 டாலர் முன்னால் நிற்கிறது. கழித்தல் சரிதான். கழிக்கப்பட்ட எண்கள்தான் தவறு.

காரணம், விளையாட்டு வீரரின் சம்பளம் அவர் சட்டையில் எழுதியிருக்கும் ஊரில் ஈட்டப்படுவதில்லை. அவர் வேலை செய்த ஒவ்வொரு மாநிலத்திலும் துண்டு துண்டாக ஈட்டப்படுகிறது. வந்து ஆடிவிட்டுப் போகும் வீரரிடம் அந்த மாநிலம் தன் துண்டுக்கு வரி கேட்கும். இதற்குப் பேச்சுவழக்கில் ஜாக் டாக்ஸ் என்று பெயர். 1991இல் கூடைப்பந்து இறுதிச் சுற்றில் மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ புல்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை வென்றது. அந்தச் சுற்றின் மூன்று ஆட்டங்கள் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தன. கலிபோர்னியா புல்ஸ் வீரர்களிடம் வரி கேட்டது. சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலம் சும்மா இருக்கவில்லை. எங்கள் வீரர்களிடம் யார் வாங்குகிறார்களோ அந்த மாநிலத்துக்காரர்களிடம் நாங்களும் வாங்குவோம் என்று சட்டம் போட்டது. பழிக்குப் பழியாகப் போட்ட சட்டம் என்பதால், வரியே இல்லாத டெக்சாஸில் குடியிருக்கும் வீரர் சிகாகோவில் ஆடினால் இலினாய் அவரைத் தொடுவதில்லை. என் தொழிலில் சிரிக்க வைக்கும் விதிகள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

துண்டுகளைப் பிரிக்கிற அளவுகோல் பணி நாள். வசந்தகாலப் பயிற்சிக்கு வீரர்கள் வந்து சேர வேண்டிய நாளிலிருந்து கடைசி ஆட்டம் வரை எண்ணினால் பேஸ்பாலில் ஏறக்குறைய 225 நாள் வரும். ஒரு மாநிலத்தில் வேலை செய்த நாள்களை அந்த 225ஆல் வகுத்து, சம்பளத்தால் பெருக்கினால் அந்த மாநிலத்தின் பங்கு. விதி இரண்டே வாக்கியம்தான். நாளை எண்ணுவதற்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

அன்று இரவு உளுந்தை வழித்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் இரு அணிகளின் 2025 ஆட்ட அட்டவணைகளையும் அச்சடித்துப் பரப்பினேன். மகனின் வண்ணப் பென்சில் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். கலிபோர்னியாவுக்குச் சிவப்பு, அரிசோனாவுக்கு மஞ்சள், கொலராடோவுக்கு நீலம், வரி இல்லாத மாநிலங்களுக்குப் பச்சை. கணினியில் இதற்கு மென்பொருள் இருக்கிறது. அலுவலகத்தில் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் வீரரிடம் காட்டும்போது வண்ணம் தீட்டிய தாள் பேசுவதைப்போல் எந்த மென்பொருளும் பேசுவதில்லை.

முதலில் கலிபோர்னியா அணியை எண்ணினேன். சொந்த மைதானத்தில் 81 ஆட்டம். அதே மாநிலத்திலுள்ள மற்ற அணிகளோடு வெளியூர் ஆட்டங்கள், ஒன்றிரண்டு பயிற்சி நாள் எல்லாம் சேர்த்துச் சுமார் 100 நாள் சிவப்பு. அதாவது 225இல் 44 சதவீதம். பாதிகூட இல்லை. வசந்தகாலப் பயிற்சி அரிசோனாவில். அங்கே நடக்கும் ஆட்டங்களையும் சேர்த்தால் 50 நாளுக்கு மேல் மஞ்சள். அரிசோனாவின் வரி ஒரே விகிதம், 2.5 சதவீதம். மீதி நாள்கள் ஒரு டஜன் மாநிலங்களில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் கூட்டினால், 50 லட்சத்துக்கு மாநில வரி ஏறக்குறைய 3,95,000 டாலர். கலிபோர்னியா 2025இல் சம்பளத்தில் பிடித்த 1.2 சதவீத ஊனக் காப்பீட்டுத் தொகையும் இதில் அடக்கம். 2024 முதல் அதற்கு உச்சவரம்பே இல்லாமல் போய்விட்டது. பல ஏஜென்ட்டுகள் அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு செய்தி முக்கியமானது. இவர் வீடு டெக்சாஸில். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். கலிபோர்னியா அணியில் ஆடினாலும் டெக்சாஸ்வாசியாகவே இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் இந்த எண். வீட்டை விற்றுவிட்டுக் கலிபோர்னியாவில் குடியேறினால் முழு 50 லட்சத்துக்கும் அந்த மாநிலம் உரிமை கொண்டாடும். அப்போது ஆறு லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஏஜென்ட் சொன்ன எண் அந்த நிலைமைக்குத்தான் கிட்டத்தட்டப் பொருந்தும்.

அடுத்து டெக்சாஸ் அணி. பச்சை நிறையத்தான் இருந்தது. ஆனால் அவர்களும் கலிபோர்னியாவுக்குப் போய் ஆடுகிறார்கள், மினசோட்டாவுக்குப் போகிறார்கள், நியூயார்க்குக்குப் போகிறார்கள். கலிபோர்னியாவில் குடியிருக்கிறவருக்கு வெளிமாநிலத்தில் கட்டிய வரியைச் சொந்த மாநிலம் கழித்துக்கொடுக்கும். டெக்சாஸ்காரருக்கு எதிலிருந்து கழிப்பது? வெளியே கட்டுவது முழுவதும் கைக்காசு. 46 லட்சத்துக்கு அந்த வகையில் சுமார் 1,10,000 டாலர் வந்தது.

மணி பன்னிரண்டரை இருக்கும். கீழே இறுதி எண்ணை எழுதினேன். டெக்சாஸ் முன்னால்தான் நின்றது. எவ்வளவு? 42,000 டாலர். ஏஜென்ட் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு.

கூட்டலில் தவறோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். தவறில்லை. மறுநாள் காலை அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார். “அப்படியானால் வரியை மறந்துவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறீர்களா?” என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அவருக்கு அந்தக் கலிபோர்னியா மைதானத்தின்மேல் ஒரு கண் இருந்தது. கடற்கரை ஊர். குளிர்ந்த கனமான காற்றில் தூக்கி அடித்த பந்து எல்லைச் சுவரைத் தாண்டாமல் விழும். பந்து வீச்சாளருக்கு அது வரம். 33 வயதில் அடுத்த ஒப்பந்தத்துக்குப் பேரம் பேசும்போது, இந்த இரண்டு ஆண்டுகளின் எண்கள்தான் அவருக்கு மூலதனம். அது எந்த வரிப் பட்டியலிலும் வராது.

அவர் கலிபோர்னியாவையே எடுத்தார். ஆனால் கையெழுத்துக்கு முன் ஒரு வேலை பாக்கியிருந்தது. என் பதின்மூன்று ஆண்டு அனுபவத்தில் ஒரே ஒரு உத்தியை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். மாநிலத்தை மாற்றுவதைவிட ஒப்பந்தத்தின் வடிவத்தை மாற்றுவது லாபம்.

சைனிங் போனஸ் என்று ஒன்று உண்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்காகத் தரும் தொகை. மூன்று நிபந்தனைகள் சரியாக இருந்தால் அது பணி நாள் கணக்குக்குள் வராது. வீரர் குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டுமே உரியதாகிவிடும். அதை வாங்க அவர் ஓர் ஆட்டமாவது ஆட வேண்டும், அணியில் இடம்பெற வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. சம்பளத்தோடு கலக்காமல் தனியாகத் தரப்பட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் திருப்பிக் கேட்கக் கூடாது. 2024 இறுதியில் பந்து வீச்சாளர் பிளேக் ஸ்னெல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியோடு போட்ட ஐந்து ஆண்டு, 18.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 5.2 கோடி சைனிங் போனஸ். அவர் அப்போது சம்பளத்துக்கு வருமான வரி இல்லாத வாஷிங்டன் மாநிலத்துக்காரர். 2020இல் அதே அணியோடு மூக்கி பெட்ஸ் போட்டதில் 6.5 கோடி போனஸ். அவர் ஊர் டென்னசி; அங்கேயும் சம்பள வரி இல்லை. பணக்கார அணி என்றால் பணம் நிறையத் தரும் என்று மட்டும் நினைக்கிறோம். அதை எந்தப் பையில் போட்டுத் தர வேண்டும் என்றும் அதற்குத் தெரியும்.

நம் வீரருக்கு அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், இரண்டு ஆண்டுகளின் ஒரு கோடியில் 30 லட்சத்தைப் போனஸாக மாற்றித் தரக் கேட்கச் சொன்னேன். அணிக்கு மொத்தச் செலவு மாறாததால் ஒப்புக்கொண்டது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 2,30,000 டாலருக்கு மேல் மிச்சம். ஆண்டுக்கு 42,000 பின்தங்கியிருந்த கலிபோர்னியா, ஒரே ஒரு பத்தியில் டெக்சாஸைத் தாண்டிவிட்டது. ஒப்பந்த வரைவு வந்தபோது ஒன்பதாவது பக்கத்தில் ஒரு வாசகம் கிடந்தது: பயிற்சிக்கு வந்து சேராவிட்டால் போனஸைத் திருப்பித் தர வேண்டும். வழக்கமாக எல்லாரும் போடும் வாசகம்தான், யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை. ஆனால் அது இருந்தால் மூன்றாவது நிபந்தனை போயிற்று. ஏஜென்ட்டின் வழக்கறிஞர் அதை எடுக்க வைத்தார். ஒப்பந்தம் இருபது பக்கம் இருந்தாலும் வரி பார்க்கிறவரிடம் முழுதாகக் கொடுங்கள். சுருக்கத்தை மட்டும் அனுப்புகிறவர்களுக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கதை அதோடு முடியவில்லை. முதல் பருவம் முடிந்து அடுத்த ஜனவரியில், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் வந்தது. சாதாரணமாக ஒருவருக்கு ஒரு தாள். இவர்களுக்கு ஐந்தாறு தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு மாநிலம். கலிபோர்னியாவுக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சம்பளக் கணக்கு எழுதியவர்கள் போனஸ் முழுவதையும் கலிபோர்னியாச் சம்பளமாகப் போட்டிருந்தார்கள். திருத்தச் சொல்லிக் கடிதம், அதற்குப் பதில் வராமல் இன்னொரு கடிதம், ஒப்பந்த நகல், வரிக்கணக்கோடு மூன்று பக்க விளக்கம் என்று இழுத்தது. படிவத்தில் அச்சாகி வந்துவிட்டதாலேயே ஓர் எண் உண்மையாகிவிடாது. அப்படி நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆயிரங்களை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஆண்டில், ஒரு வீரர் மினியாபொலிஸில் இரவு 11.40க்கு விமானத்திலிருந்து இறங்கிய நாளை மினசோட்டாவின் நாளாக எண்ணினேன். அன்று காலை அவர் சொந்த ஊரில் பயிற்சி எடுத்திருந்தார். ஆகவே அது சொந்த ஊரின் நாள். ஆட்டமோ பயிற்சியோ கூட்டமோ இல்லாத வெறும் பயண நாளாக இருந்தால் எந்த மாநிலத்துக்கும் சேராது. ஆனால் மொத்த நாள்களில் மட்டும் சேரும். இந்த விதியைச் சரியாகப் படிக்காமல் அந்தப் பருவம் முழுவதும் இறங்கிய நாளையெல்லாம் எண்ணித் தொலைத்திருந்தேன். 9.85 சதவீத மாநிலத்தில் ஒரு நாள் என்பது சின்னத் தொகை இல்லை. திருத்தக் கணக்கு போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கினோம், என் கட்டணத்தை விட்டுக்கொடுத்தேன். அன்றிலிருந்து விமானம் இறங்கிய நேரம், பயிற்சி நடந்த இடம் இரண்டும் இல்லாமல் எந்த வீரரின் நாள்காட்டியையும் வாங்குவதில்லை.

நாளை எண்ணுவதா ஆட்டத்தை எண்ணுவதா என்பது வழக்கு மன்றம் வரை போன விஷயம். கிளீவ்லாந்து நகரம் ஒரு காலத்தில் ஆட்டத்தை எண்ணியது. அமெரிக்கக் கால்பந்தில் பருவத்துக்கு 20 ஆட்டம் என்றால், அங்கே ஒன்று ஆடியவரின் ஆண்டுச் சம்பளத்தில் 5 சதவீதத்துக்கு வரி. நாளை எண்ணினால் 160 சொச்சத்தில் இரண்டு நாள், ஒன்றேகால் சதவீதம்கூட வராது. சிகாகோ பேர்ஸ் வீரர் ஹண்டர் ஹில்லன்மையர் வழக்குப் போட்டார். இண்டியானாபொலிஸ் அணி வீரர் ஜெஃப் சாட்டர்டேயின் நிலைமை இன்னும் வேடிக்கை. 2008இல் அவர் அணி கிளீவ்லாந்துக்குப் போனபோது அவர் காயத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு இண்டியானாபொலிஸிலேயே இருந்தார்; ஆனாலும் வரி பிடித்தார்கள். 2015இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் இருவர் பக்கமும் தீர்ப்புச் சொன்னது. வெளியூர் வீரர்களிடம் மட்டும் 3 சதவீதம் வாங்கிவந்த பிட்ஸ்பர்க்கின் மைதானக் கட்டணமும் 2025 செப்டம்பரில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது.

இதில் நசுங்குகிறவர்கள் எப்போதும் சின்னவர்கள்தான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் டென்னசியில் ஒரு வரி இருந்தது. கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி வீரர்கள் ஓர் ஆட்டத்துக்கு 2,500 டாலர் கட்ட வேண்டும், ஆண்டுக்கு உச்சம் 7,500. கோடி வாங்குகிறவருக்கும் அதே தொகைதான், கடைசி பெஞ்சில் உட்காருகிறவருக்கும் அதே தொகைதான். கீழ்மட்ட லீகிலிருந்து வந்து சில வாரம் அணியில் இருந்த ஒரு ஹாக்கி இளைஞருக்குக் கணக்கு எழுதினேன். ஒரு நாள் சம்பளம் சுமார் 2,800. நாஷ்வில்லில் அன்று அவர் ஈட்டியது ஃபெடரல் வரிக்கு முன் 300 டாலர். அதற்குப் பிறகு நஷ்டம். 2014இல் அந்த வரியை ஒழிக்கச் சட்டம் வந்தபோது அவர் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

வரிதான் கோப்பையை வெல்கிறது என்ற வாதம் ஹாக்கியில் மிகவும் உரக்கக் கேட்கிறது. 2020, 2021இல் டாம்பா பே, 2023இல் வேகஸ், 2024, 2025இல் ஃபுளோரிடா பாந்தர்ஸ். எல்லாம் சம்பள வரி இல்லாத மாநிலங்கள். 2025இல் மிட்ச் மார்னர் டொரண்டோவிலிருந்து வேகஸுக்குப் போனபோது சத்தம் இரட்டித்தது; டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோவில், கனடாவின் மத்திய வரியும் சேர்த்து, உச்ச விகிதம் 53.53 சதவீதம். இந்த வாதத்தை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். ஹாக்கியில் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்குக் கண்டிப்பான உச்சவரம்பு உண்டு. எல்லா அணிக்கும் ஒரே தொகை என்னும்போது, வரி இல்லாத ஊர் அணி ஒரு வீரரைக் குறைந்த விலைக்கு நிறுத்திக்கொண்டு மிச்சத்தில் இன்னொருவரை வாங்கலாம். ஆனால் அதே ஃபுளோரிடா பாந்தர்ஸ் 2001 முதல் 2011 வரை ஒரு முறைகூடக் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குத் தேறவில்லை. அப்போதும் ஃபுளோரிடாவில் வரி பூஜ்யம்தான்.

பேஸ்பாலில் அப்படிப்பட்ட கண்டிப்பான வரம்பு இல்லை. அதனால் 13.3 சதவீத மாநிலத்து டாட்ஜர்ஸ் வேண்டியதை அள்ளிக் கொடுத்து 2024, 2025 இரண்டு ஆண்டும் வாகை சூடியது. வரம்பு இறுக்கமான லீகில் வரி வீரரைக் கடிக்கிறது. தளர்வான லீகில் அணி முதலாளியைக் கடிக்கிறது. ஆகவே யாராவது வீரர் வரிக்காகத்தான் போனார் என்றால், எந்த ஆட்டம் என்று முதலில் கேட்பேன்.

டாட்ஜர்ஸின் ஜப்பானிய வீரர் ஓடானியின் ஒப்பந்தம் இந்தக் கலையின் உச்சம். 2023 டிசம்பரில் பத்து ஆண்டுக்கு 70 கோடி டாலர். அதில் ஆடும் காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் மட்டும். மீதி 68 கோடி, 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடியாக வரும். அப்போது அவர் கலிபோர்னியாவை விட்டுப் போயிருந்தால் அந்தப் பணத்துக்கு மாநிலம் வரி கேட்க முடியாமல் போகலாம். பத்து ஆண்டுக்குக் குறையாமல் சம தவணையில் வரும் பிற்காலப் பணத்துக்கு, ஆள் குடியிருக்கும் மாநிலம்தான் வரி போடலாம் என்று 1996இல் வந்த ஃபெடரல் சட்டம் சொல்கிறது. கலிபோர்னியாவின் கணக்குத் தலைவர் 2024இல் இந்தச் சட்டத்தை மாற்றும்படி காங்கிரஸைக் கேட்டுக்கொண்டார். என் வாடிக்கையாளர்களில் சிலர் எங்களுக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். விளம்பர வருமானத்தில் வாழ முடிகிறவருக்குத்தான் சம்பளத்தைப் பத்தாண்டு தள்ளிப்போட முடியும். மற்றவர்கள் வீட்டுக்கடன் கட்ட வேண்டாமா?

இனி நம் வீட்டுக் கதை. கோயிலிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் கலிபோர்னியாவிலிருந்து வந்த தம்பிகள் கேட்பது ஒரே கேள்விதான். “அக்கா, இங்கே வந்தால் வரியே இல்லையாமே?” மென்பொருள் வேலையில் இருக்கும் நமக்கும் ஆண்டுதோறும் ஒரு ஃப்ரீ ஏஜென்சி நடக்கிறதல்லவா?

நாங்கள் 2017இல் வந்தோம். கணவருக்கு 2015இல் சான் ஹோசேயில் ஒதுக்கிய கம்பெனிப் பங்குகள் 2018இல் கைக்கு வந்தன. டெக்சாஸில் வந்த பணம், டெக்சாஸ்வாசி, வரி இல்லை என்று இருந்துவிட்டோம். ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை எத்தனை நாள் கலிபோர்னியாவில் வேலை செய்தாரோ அந்தப் பங்குக்கு அந்த மாநிலம் வரி கேட்கும். பந்து வீச்சாளருக்கு 225 நாளை எண்ணத் தெரிந்தவளுக்குக் கணவரின் நாள்களை எண்ணத் தோன்றவில்லை. 2020இல் கடிதம் வந்தது. வரி, வட்டி, அபராதம் எல்லாம் கட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வண்ணப் பென்சில் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

ஆகவே தம்பிகளுக்கு நான் சொல்வது: பங்கு ஒதுக்கீட்டுத் தேதிகளைக் குடிபெயர்வதற்கு முன்பே எழுதி வையுங்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, பிள்ளையின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றுங்கள். ஒரு காலை அங்கே வைத்திருந்தால் அந்தக் காலுக்கு வரி கேட்பார்கள். கலிபோர்னியாவில் ஆண்டுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் தங்கினால் குடியிருப்பவர் என்றே கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. டாலஸ் புறநகரில் வீட்டு வரி வீட்டு மதிப்பில் இரண்டு சதவீதத்தை ஒட்டி வரும். வருமான வரி மிச்சத்தில் ஒரு பகுதி அங்கே போய்விடும். மாநில வரியை ஃபெடரல் கணக்கில் முழுதாகக் கழிக்கும் வசதி 2018இலிருந்து இல்லை; 10,000 டாலர் வரம்பு வந்தது. 2025இல் அதை 40,000 ஆக்கினார்கள். ஆனால் ஐந்து லட்சத்துக்கு மேல் வருமானம் ஏற ஏற அது சுருங்கிப் பழைய 10,000க்கே வந்துவிடும். விளையாட்டு வீரர்களுக்கு அது எந்த உதவியும் செய்யவில்லை. உங்களில் பலருக்குச் செய்யும்.

அந்தப் பந்து வீச்சாளர் குடும்பத்தை டெக்சாஸிலேயே விட்டுவிட்டு, கடற்கரை ஊரில் மாதவாடகை வீடு எடுத்தார். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பத்து வாரம் அங்கே போய் இருந்தார்கள். மற்ற நாள்களில் இரவு ஆட்டம் முடிந்து அவர் அழைக்கும்போது டெக்சாஸில் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். இந்த ஏற்பாட்டைச் சொல்லிக் கொடுத்ததில் எனக்குப் பாதி மகிழ்ச்சிதான். என் தாளில் அந்தப் பத்து வாரத்துக்கு வண்ணம் இல்லை.

முதல் பருவத்தின் ஏப்ரலில் டென்வரிலிருந்து ஒரு செய்தி அனுப்பினார். பனி கொட்டி ஆட்டம் ரத்தாகிவிட்டதாம். இந்த நாள் கொலராடோவின் நாளா இல்லையா என்று கேட்டிருந்தார்.

மைதானத்துக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

போனோம், இரண்டு மணி நேரம் உடைமாற்றும் அறையில் சீட்டு விளையாடினோம் என்றார்.

நீலப் பென்சிலை எடுத்தேன்.